தகப்பனைக் காட்டிக்கொடுக்கும் மட்டை

தென்கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீட்டு விளைகளில் நெட்டைத் தென்னைகளுக்கு நடுவே கிணற்றடியில் ஒரு செவ்விளநீர் மரம் நிற்பது வழக்கம். மலையாளத்தில் செந்தெங்கு. வேளாண் துறையின் ஏட்டில் அதற்குச் சாவக்காடு ஆரஞ்சு குட்டை என்று பெயர். அந்த மரத்து நெற்றுகளை முளைக்கப் போட்டால் நாற்றங்காலில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பெரும்பாலான கன்றுகளின் மட்டைக்காம்பு தாயைப்போலச் செம்மஞ்சளாக வரும். இடையிடையே சில கன்றுகளில் மட்டும் வெண்கலப் பழுப்பாக இருக்கும். நோயோ உரக்குறைவோ இல்லை. அந்தக் கன்றுகளுக்குத் தகப்பன் பக்கத்தில் நிற்கும் பச்சை நெட்டை.

நிறத்துக்கான மரபணு ஒவ்வொரு கன்றிலும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. காம்பு நல்ல செம்மஞ்சளாக வேண்டுமென்றால் இரண்டுமே செவ்விளநீர்ப் பிரதியாக இருக்க வேண்டும். ஒன்று பச்சை மரத்திலிருந்து வந்துவிட்டால் நிறம் பழுப்புக்குத் திரும்பிவிடும்.

சரி, இதைத் தேங்காயிலேயே கண்டுபிடிக்க முடியாதா? முடியாது. நாரும் சிரட்டையும் முழுக்கத் தாய்மரத்தின் சதை. தகப்பன் யாராக இருந்தாலும் செவ்விளநீர்க் குலையில் காய்ப்பது செவ்விளநீர்தான். உள்ளே போகப்போகக் கணக்கு மாறுகிறது. தென்னையின் சாதாரண செல்லில் 32 குரோமோசோம்கள். மூன்று கண்களில் மெத்தென்று இருக்கும் கண்ணுக்குக் கீழே ஒளிந்திருக்கும் கருவில் தாய் கொடுத்தது 16, தகப்பன் கொடுத்தது 16. நாம் துருவித் தின்னும் பருப்பில் தாயின் பங்கு இரட்டிப்பு: தாயிடமிருந்து 32, தகப்பனிடமிருந்து 16, மொத்தம் 48. ஒரே தேங்காய்க்குள் மூன்று விதமான பாகப்பிரிவினை.

நெட்டைகளுக்கிடையே நின்றும் செவ்விளநீர் பெரும்பாலும் தன் இனத்தையே பெறுவதற்குக் காரணம் பூக்கும் முறை. நெட்டையின் பாளை வெடித்ததும் முதலில் ஆண்பூக்கள் மலர்ந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் உதிர்ந்து தீரும். அதன் பிறகே அதே பாளையின் பெண்பூ பக்குவப்படும். ஆகவே நெட்டைக்கு மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து, காற்றோடும் தேனீயோடும் வர வேண்டும். குட்டையில் இரண்டும் ஒரே சமயத்தில் மலர்வதால் தன் மகரந்தமே தனக்குப் போதும். நம் பெரியவர்கள் விதைக்காய்க்கு மரம் பார்க்கும்போது வயது, மட்டைகளின் எண்ணிக்கை, குலையின் கனம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் நெட்டையைப் பொறுத்தவரை அது பாதிக் கணக்கு. தகப்பன் எந்த விளையில் நிற்கிறான் என்பது யாருக்கும் தெரியாது.

தகப்பனைத் தேர்ந்தெடுக்கும் இந்த வேலையை இந்தியாவில் மனிதன் கையில் எடுத்துக்கொண்டது 1932-ல். சென்னை மாகாணத்தின் எண்ணெய்வித்து வல்லுநர் ஜே. எஸ். பட்டேல், அன்று அந்த மாகாணத்தில் இருந்த நீலேஸ்வரத்தில் நெட்டையையும் குட்டையையும் இணைத்தார். இன்று சாவக்காடு ஆரஞ்சைத் தாயாகவும் மேற்குக் கடற்கரை நெட்டையைத் தகப்பனாகவும் வைத்தால் சந்திரசங்கரா. மாற்றி வைத்தால் கேரசங்கரா. வேலை நுணுக்கமானது. மரமேறி, ஆண்பூக்களை ஒன்றுவிடாமல் உருவி எறிந்து, பாளைக்குப் பை கட்டி, பெண்பூவின் நுனியில் தேன் துளிர்க்கும் நாள் பார்த்து, டால்க் பவுடரில் கலந்த மகரந்தத்தைத் தூவ வேண்டும். காய் நெற்றாக ஏறக்குறைய ஒரு வருடம். இப்படி இனம் கலந்து பெற்ற ஒட்டுக் கன்றின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை அந்த மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்க்கலாம்.

ஒட்டுமரம் நான்கைந்து வருடத்தில் பாளை விடும், நன்றாகவும் காய்க்கும். உடனே நமக்கு ஓர் ஆசை: அதன் நெற்றையே முளைக்கப் போட்டால் என்ன? இங்கேதான் மரபியல் முன்னோடி மெண்டல் குறுக்கே வருகிறார். அவர் 1865-ல் புருனோ நகரில் விளக்கிய பட்டாணிக் கணக்கில், நெட்டையும் குட்டையும் கலந்த முதல் தலைமுறை எல்லாமே நெட்டை. அந்தச் செடிகளின் பிள்ளைகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஒளிந்திருந்த குட்டை கிட்டத்தட்ட நாலில் ஒன்றில் வெளியே வந்துவிட்டது. தென்னையின் உயரம் பட்டாணியைப்போல அத்தனை எளிதாக ஒரே மரபணுவில் முடியும் சங்கதி இல்லை. ஒட்டு இரண்டுக்கும் இடைப்பட்டு நிற்கும். ஆனால் பிரிகிற விதி அதேதான். ஒட்டுமரத்தின் பிள்ளைகளில் ஒன்று பாட்டியைக் கொள்ளும், ஒன்று தாத்தாவைக் கொள்ளும், நடுத்தரமாகச் சில வரும். எது எது என்று தெரிய ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கண்ணால் காணாத பட்டாணிக் கொடியை வைத்து 3:1 என்று உருப்போடுவதைவிடக் கிணற்றடித் தென்னையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. ஆராய்ச்சிக்கு மெண்டல் தென்னையைத் தொடாதது புத்திசாலித்தனம், ஆயுள் போதாது.

வாழைக்குப் பக்கக்கன்று உண்டு, மிளகுக்குக் கொடி உண்டு, மாவுக்கு ஒட்டுக்கட்டலாம். தென்னைக்குக் கிளையும் இல்லை, பக்கக்கன்றும் இல்லை. ஒட்டுக்கட்ட வசதியான தண்டும் இல்லை. நல்ல மரம் ஒன்று வாய்த்தால் அதை அப்படியே நகலெடுக்க விவசாயிக்கு வழியே கிடையாது. விதைதான் கதி, விதை என்றால் இரண்டு பேரின் சீட்டைக் கலைத்துப்போட்ட ஆட்டம். 1882-ல் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் தெரிந்து தென்கேரளம் முழுக்கப் பரவிய வேர்வாடல் நோய்க்கு எதிராகவும் இதே வழியில்தான் போக வேண்டியிருக்கிறது. நோய் மண்டிய தோப்பிலும் தாக்குப்பிடிக்கும் சாவக்காடு பச்சைக் குட்டையைத் தாயாக்கி, மேற்குக் கடற்கரை நெட்டையின் மகரந்தத்தைத் தூவிப் பெற்றதுதான் கல்பசங்கரா.

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் கன்று வாங்குபவர்களுக்கு விசாரிக்கப் பாலராமபுரத்திலேயே கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கே வாங்கினாலும், சந்திரசங்கரா என்று சொல்லிக் கொடுத்தால் காம்பைத் திருப்பிப் பாருங்கள். செம்மஞ்சளாக இருந்தால் அது தாய் தனக்குத்தானே பெற்ற பிள்ளை; ஒட்டு விலை கொடுக்க வேண்டியதில்லை. கல்பசங்கராவில் இந்தச் சோதனை செல்லாது: தாயும் பச்சை, தகப்பனும் பச்சை. அங்கே கன்றின் வீரியத்தையும் கழுத்துப் பருமனையும் வைத்துத்தான் பண்ணைக்காரர்கள் பிரிக்கிறார்கள். அதற்குப் பழகிய கண் வேண்டும். நமக்குக் கையில் ரசீதுதான்.