குழந்தைகளுக்கான சிகிச்சைகள்: முனைவர் பட்டத்துக்குப் பின் தொடங்கும் பயிற்சி

பெரியவர்களுக்குப் பயன்படும் மருந்தை உடல் எடைக்கேற்பக் குறைத்துக் கொடுத்தால் குழந்தைக்கும் அது பொருந்தும் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குத் தொற்று வராமல் தடுப்பதற்காகக் கொடுக்கப்பட்ட இம்மருந்தால், அவற்றின் தோல் சாம்பல் நிறமடைந்து, இரத்த அழுத்தம் சரிந்து, பல சிசுக்கள் இறந்ததை 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மருந்தை வேதிமாற்றம் செய்து வெளியேற்றும் கல்லீரல் நொதி, அதாவது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம், பிறந்த சில நாட்களில் முதிர்ச்சி அடைந்திருப்பதில்லை என்பதும், அதனால் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகிறது என்பதும் பின்னர் விளங்கின.

குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறு வடிவம் அன்று என்ற இந்த அறிவே குழந்தை மருந்தியல் என்னும் துறைக்கு அடிப்படை. ஆனால் அறிவு இருப்பதும், அதைக் கொண்டு புதிய சிகிச்சையை உருவாக்கத் தெரிந்தவர்கள் இருப்பதும் வேறு வேறு. அத்தகையோரை உருவாக்கும் கட்டம் முனைவர் பட்டத்துக்கோ மருத்துவ மேற்படிப்புக்கோ பிறகு வருகிறது. ‘போஸ்ட்டாக்’ என்று ஆய்வகங்களில் வழங்கப்படும் முதுமுனைவர் பயிற்சி அது.

சட்டங்கள் வந்தன, ஆட்கள்?

குழந்தைகளில் சோதிக்கப்படாமலேயே அவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் மிகுந்திருந்த 1960களில், குழந்தைகள் ‘சிகிச்சை உலகின் அநாதைகள்’ ஆகிவிட்டார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹாரி ஷர்க்கி எச்சரித்தார். குழந்தைகளில் ஆய்வு நடத்தும் நிறுவனத்துக்கு ஆறு மாதம் கூடுதல் தனி விற்பனை உரிமை என்ற சலுகையை அமெரிக்கா 1997-இல் கொண்டுவந்து, அதை 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீட்டித்தது. சில வகைப் புதிய மருந்துகளைக் குழந்தைகளிலும் ஆராய்ந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2003-இல் விதித்தது. இதே நோக்கிலான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை 2007-இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தால் ஆய்வை நடத்தச் சொல்ல முடியும். நடத்தத் தெரிந்தவரைச் சட்டத்தால் உருவாக்க முடியாது. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவருக்குச் செல்லின் நடத்தை தெரியும், ஆனால் நோயுற்ற குழந்தையை அருகிலிருந்து கண்டிருக்க மாட்டார். குழந்தை மருத்துவருக்கு நோய் தெரியும், ஆனால் ஒரு மூலக்கூறை வடிவமைக்கவோ, சோதனைத் தரவுகளைக் கணித முறையில் பகுக்கவோ அவர் பயிற்சி பெற்றிருப்பதில்லை. இந்த இருவருக்கும் மற்றவரின் துறையைக் கற்றுக்கொடுப்பதே முதுமுனைவர் பயிற்சியின் முதல் நோக்கம்.

பயிற்சியில் கற்பிக்கப்படுவது

பயிற்சியின் மையத்தில் வழிகாட்டி ஒருவரின் ஆய்வகமும், பயிற்சியாளர் பொறுப்பேற்று நடத்தும் ஓர் ஆய்வுத் திட்டமும் இருக்கும். அமெரிக்காவில் 1962-இல் நிறுவப்பட்ட தேசிய குழந்தை நல மற்றும் மனித வளர்ச்சி நிறுவனம், குழந்தை மருத்துவ மருந்தியலுக்கென்றே பயிற்சி நிதி வழங்கிவருகிறது. சின்சினாட்டி, கான்சாஸ் சிட்டி ஆகிய நகரங்களின் குழந்தைகள் மருத்துவமனைகளிலும், டியூக், வட கரோலினா பல்கலைக்கழகங்களின் கூட்டுத் திட்டத்திலும் அத்தகைய பயிற்சி நடைபெற்றுள்ளது. மருத்துவரும் முனைவரும் ஒரே வகுப்பில் அமர்வது இவற்றின் தனித்தன்மை.

அங்கே முதலில் கற்கப்படுவது வளர்ச்சி மருந்தியல், அதாவது வயதோடு சேர்ந்து மருந்தின் போக்கு எவ்வாறு மாறுகிறது என்ற பாடம். பிறந்த சிசுவின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால் நீரில் கரையும் மருந்து அதன் உடலில் அதிகமாகப் பரவி நீர்த்துப்போகிறது; சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ ஒரு வயதில்தான் பெரியவர்களின் அளவை எட்டுகிறது; கல்லீரல் நொதிகளில் சில கருப்பையில் மிகுதியாகச் செயல்பட்டுப் பிறப்புக்குப் பின் மறைய, வேறு சில அவற்றின் இடத்தைப் படிப்படியாகப் பிடிக்கின்றன. இதனால் சில மருந்துகள் பிறந்த குழந்தையின் உடலில் நெடுநேரம் தங்கும். அவையே மூன்று வயதுக் குழந்தையின் உடலிலிருந்து, எடைக்கு எடை ஒப்பிட்டால், பெரியவரைவிட வேகமாக வெளியேறிவிடுவதும் உண்டு.

அடுத்துக் கற்க வேண்டியது அளக்கும் முறை. மருந்தின் அளவைத் தீர்மானிக்கப் பெரியவரிடமிருந்து ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை இரத்தம் எடுக்கலாம். மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே கால் லிட்டர் அளவுதான் என்பதால் அங்கே அது இயலாது. எனவே ஒவ்வொரு குழந்தையிடமிருந்தும் ஓரிரு துளிகளை மட்டும் வெவ்வேறு நேரங்களில் எடுத்து, பல குழந்தைகளின் தரவுகளைச் சேர்த்துக் கணித மாதிரி வழியே மருந்தின் பாதையைக் கணிக்கும் முறை கையாளப்படுகிறது. இதற்கு மக்கள்தொகை மருந்தியக்கவியல் என்று பெயர். ஒரு மருந்தியலாளர் புள்ளியியலையும் கணினி நிரலாக்கத்தையும் கற்றாக வேண்டிய இடம் இது.

மூன்றாவது, அறமும் சட்டமும். அமெரிக்காவில் 1983 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, ஆய்வால் குழந்தைக்கு நேரக்கூடிய இடரும் கிடைக்கக்கூடிய பயனும் எடைபோடப்பட வேண்டும். பெற்றோரின் அனுமதியோடு, புரிந்துகொள்ளும் வயதுள்ள குழந்தையின் சம்மதமும் பெறப்பட வேண்டும். நோயற்ற குழந்தைகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் தொடக்கநிலைச் சோதனை பெரும்பாலும் அனுமதிக்கப்படாததால், பெரியவர்களுக்கான சோதனையின் முதற்படியே இங்கே வேறுவிதமாக அமைகிறது. மாத்திரையை விழுங்க முடியாத வயதினருக்கு மருந்தைத் திரவமாகவோ மிகச்சிறு மாத்திரையாகவோ வடிவமைப்பதும், அதில் சேர்க்கப்படும் கரைப்பான்களும் பதப்படுத்திகளும் சிசுவுக்குத் தீங்கானவையா என்று பார்ப்பதும் இந்தப் பயிற்சியில் அடங்கும்.

ஒரு மருந்தின் பதினேழு ஆண்டுகள்

முதுமுனைவர் கட்டத்தின் பங்கைக் காண எஸ்.எம்.ஏ. என்னும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் இந்த மரபணு நோயில், தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் அழிகின்றன. கடுமையான முதல் வகையில், சிகிச்சை இல்லையெனில், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவார்கள் அல்லது சுவாசக் கருவியை நிரந்தரமாகச் சார்ந்துவிடுவார்கள். 16 கோடி ரூபாய் ஊசிக்காக 2021-இல் தமிழ்நாட்டில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டபோது இந்நோயின் பெயர் இங்கே பரவலாக அறிமுகமானது. அந்த ஊசி 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணு சிகிச்சை. இந்நோய்க்கு முதலில் ஒப்புதல் பெற்ற மருந்து அதற்கும் முந்தைய நுசினெர்சென்.

நோய்க்குக் காரணமான எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவை ஃபிரான்ஸ் ஆய்வாளர்கள் 1995-இல் கண்டறிந்தனர். அதன் இரட்டை போன்ற எஸ்.எம்.என்.2 மரபணு நோயாளிகளிடமும் இருக்கிறது. ஆனால் ஒற்றை எழுத்து வேறுபாட்டால், அதன் செய்தியைப் படிக்கும்போது ஏழாவது பகுதி பெரும்பாலும் விடுபட்டு, தேவையான புரதம் சிறிதளவே உருவாகிறது. நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. செய்தி வெட்டி ஒட்டப்படும் முறையை ஆராய்ந்துவந்த ஏட்ரியன் கிரெய்னர், 1999-இல் இந்நோய் பற்றிய ஆய்வரங்கு ஒன்றில் கலந்துகொண்ட பிறகு இந்தச் சிக்கலில் இறங்கினார். அவரிடம் முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த லூகா கார்ட்டெக்னி, ஏழாவது பகுதி விடுபடுவதற்கான ஒரு காரணத்தை 2002-இல் அவருடன் இணைந்து வெளியிட்டார். பின்னர் வந்த முதுமுனைவர் ஆய்வாளர் யிமின் ஹுவா, ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அந்தப் பகுதியைத் தக்கவைக்கும் செயற்கைத் துண்டுகளை வரிசையாகச் சோதித்துச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் பணியில் முதன்மைப் பங்கு வகித்தார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரவீந்திர சிங்கின் குழு 2006-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, அத்துண்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தைக் காட்டியது. அயோனிஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னெட்டுடன் இணைந்து உருவான மருந்து 2011-இல் மனிதர்களில் சோதனைக்கு வந்து, 2016 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. தண்டுவட நீரில் ஊசி வழியே செலுத்தப்படும் அம்மருந்தைப் பெற்ற சிசுக்களில் 51 விழுக்காட்டினர் உடலியக்கத்தில் முன்னேற்றம் கண்டனர். ஒப்பீட்டுக் குழுவில் ஒருவர்கூட அந்த நிலையை எட்டவில்லை.

ஆய்வரங்கிலிருந்து ஒப்புதல்வரை பதினேழு ஆண்டுகள். ஒரு முதுமுனைவர் பயிற்சியின் காலம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். எனவே எந்தப் பயிற்சியாளரும் தம் பயிற்சிக் காலத்துக்குள் ஒரு மருந்தின் முழுப் பாதையையும் காண முடிவதில்லை. இடையிலுள்ள ஒரு துண்டைத் தாங்கி, அடுத்தவரிடம் ஒப்படைத்து விலக வேண்டியிருக்கிறது. தம் துண்டு எந்த முழுமையின் பகுதி என்பதை அறியாதவர் ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடுவார். அறிந்தவரே அதை அடுத்த படிக்குத் தகுதியாக்கித் தருவார். வகுப்பறைப் பாடங்களும் மருத்துவமனைச் சுற்றுகளும் பயிற்சியில் சேர்க்கப்படுவதற்கு இதுவே காரணம்.

பணமும் விதிகளும்

பயிற்சியின் நிதி ஏற்பாடு அந்த நோக்கத்துக்கு எப்போதும் துணைநிற்பதில்லை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் தேசிய ஆய்வுப் பணி உதவித்தொகை, முதல் ஆண்டு முதுமுனைவர் ஒருவருக்கு 2024-இல் 61,008 டாலராக இருந்தது. முதல் பன்னிரண்டு மாதப் பயிற்சிக்கு ஈடாக அதே அளவு காலம் ஆய்விலோ கற்பித்தலிலோ பணியாற்றுவது கடமை. இரண்டாம் ஆண்டுப் பயிற்சியைத் தொடர்ந்தால் அதுவே அந்தக் கடனைத் தீர்த்துவிடும். இந்த உதவி பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடைக்காது. அதற்கடுத்த பாலமாக 2006-இல் தொடங்கப்பட்ட வேறொரு நிதி, இரண்டு ஆண்டுவரை வழிகாட்டியின்கீழும் மூன்று ஆண்டுவரை தனி ஆய்வகத்திலும் பணியாற்ற உதவுகிறது. ஆனால் அதற்கான போட்டி கடுமையானது. மருந்து நிறுவனங்கள் தரும் ஊதியம் இவற்றைவிட மிக அதிகம் என்பதால், பயிற்சி முடியும் முன்பே விலகுவோர் உண்டு. குறைந்தபட்ச ஊதியத்தை 70,000 டாலராக்கி, பயிற்சிக் காலத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் வரையறுக்க வேண்டும் என்று தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆலோசனைப் பணிக்குழு 2023 இறுதியில் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு மற்றொரு விதி முக்கியமானது. இந்தப் பயிற்சி உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்கும் மட்டுமே உரியது. அங்குள்ள முதுமுனைவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்காலிக விசாவில் வந்தவர்கள். அவர்களில் பலருக்கு வழிகாட்டியின் ஆய்வு நிதியிலிருந்தே ஊதியம் கிடைக்கிறது. அந்த நிதி குறிப்பிட்ட ஆய்வை முடிப்பதற்காகத் தரப்பட்டது என்பதால், சோதனை வடிவமைப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் போன்ற பாடங்களுக்கு அவர்கள் செல்வது வழிகாட்டியின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இந்தியாவின் தேவை

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1920களில் பாஸ்டன் சென்ற எல்லாப்ரகட சுப்பாராவ், பின்னர் லெடர்லே நிறுவனத்தில் வழிநடத்திய ஃபோலிக் அமில ஆய்விலிருந்து அமினோப்டெரின் என்ற மருந்து பிறந்தது. அதைச் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948-இல் அறிவித்தார். அந்த முன்னேற்றம் தற்காலிகமானதே எனினும், குழந்தைப் புற்றுநோய்க்கு மருந்தால் தீர்வு காணும் முயற்சி அங்கிருந்து தொடங்கியது. வேதியியலாளர் ஒரு நிறுவனத்திலும் மருத்துவர் வேறொரு நிறுவனத்திலும் இருந்து செய்த பணி அது.

அதே நோய்க்கு இன்றும் தரப்படும் மெர்காப்டோபியூரின் என்ற மருந்தின் நச்சு விளைவை முன்கூட்டி அறிய மேலை நாடுகளில் டி.பி.எம்.டி. என்ற மரபணு சோதிக்கப்பட்டுவந்தது. கிழக்காசிய, தெற்காசிய மக்களிடம் அதைவிட என்.யு.டி.டி.15 என்ற மரபணுவின் வேறுபாடுகளே அதிகம் என்பது 2014-க்குப் பிறகே தெளிவானது. ஒரு நாட்டின் குழந்தைகளைக் கொண்டு வகுத்த அளவு மற்றொரு நாட்டின் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதால், இந்தியக் குழந்தைகளின் தரவுகளை ஆராயும் திறனாளர்கள் இந்தியாவிலேயே பயிற்சி பெறுவது அவசியமாகிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் வழங்கும் இளம் ஆய்வாளர் நிதி இதற்கு ஒரு வழி. குழந்தை மருந்தியலுக்கென்றே மருத்துவமனையோடு இணைந்த பயிற்சித் திட்டங்கள் பெருக வேண்டியிருக்கிறது.

பிலடெல்பியாவில் கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அதன் மரபணுப் பிழைக்கென்றே வடிவமைக்கப்பட்ட மரபணுத் திருத்தச் சிகிச்சை 2025-இல் வழங்கப்பட்டது. அதை உருவாக்க ஆறு மாதங்களே ஆயின. மூலக்கூறை வடிவமைக்கவும், நச்சுத்தன்மையைச் சோதிக்கவும், ஒழுங்குமுறை அமைப்பிடம் விளக்கவும் ஏற்கெனவே பழகியவர்கள் ஒருங்கே இருந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று. அரிய மரபணு நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, ஒரு சிகிச்சைக்கான செலவைக் கணக்கிடுபவர்கள் அதை உருவாக்கியவர்களின் பயிற்சி ஆண்டுகளையும் அக்கணக்கில் சேர்த்து, அந்த ஆண்டுகளுக்கு நிலையான நிதியை ஒதுக்குவதே இத்தகைய முயற்சிகள் ஓரிரு மருத்துவமனைகளைத் தாண்டிப் பரவுவதற்கான வழி.