காலி வண்டி ஏன் குதிக்கிறது?

ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி வேகத்தடையைத் தாண்டும்போது பின்பக்கம் ஒரு முறை அமுங்கி எழுந்து அடங்கிவிடும். அதே வண்டி லோடைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பட்டும். பின்கதவு தடதடவென்று அடிக்கும், தொட்டி தூக்கிப்போடும், சில சமயம் பின் சக்கரங்கள் ஒரு கணம் தரையை விட்டே எழும்பும். டன் கணக்கில் சுமக்கிற வண்டிக்குச் சுமை இல்லாததுதான் சங்கடம்.

ஆனால் கமான் (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்) பட்டறைக்கு வரும் ஓனர்கள் கேட்பது பெரும்பாலும் வேறு: "வண்டி பின்னாடி உக்காந்துடுச்சு, ஒரு பட்டை சேத்துப் போட்டுடுங்க."

ஒரு ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக ஆடும் என்பது, நின்ற நிலையில் அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆறு சக்கர லாரியின் பின் அச்சில் 11.5 டன் வரை ஏற்றலாம் என்கிறது 2018 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய அரசின் வரம்பு. அதற்கு முன் அது 10.2 டன். 11.5 டன் சுமையில் கமான் 10 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் பின்பக்கம் நொடிக்குச் சுமார் 1.6 முறை ஆடும். லோடை இறக்கியதும் கமான் மேல் உள்ள பாரம் நான்கில் ஒன்றாகிவிட்டால் அமுக்கம் 2.5 செ.மீ.தான். ஆட்டமோ நொடிக்கு 3.2 முறை, அதாவது இரு மடங்கு. மேலும் கீழுமான ஆட்டத்தில் மனித உடல் மிகவும் நோவது நொடிக்கு 4 முதல் 8 முறை ஆடும்போது. பட்டையைக் கூட்டக் கூட, காலி வண்டியை அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறோம். முதுகுவலி டிரைவருக்கு.

சரி, ஒரு பட்டை சேர்த்தால் பலம் எவ்வளவு கூடும்? பத்துப் பட்டைக் கட்டில் அதே கனத்தில் பதினோராவதைச் செருகினால் விறைப்பு பத்து சதவீதம் அளவில் கூடும், அவ்வளவே. கனத்தில் கைவைத்தால் கதை மாறும். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 10 மி.மீ. பட்டைகளை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் 12 மி.மீ. போட்டால் விறைப்பு 73 சதவீதம் எகிறிவிடும். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. கட்டில் உள்ள பட்டைகள் எல்லாம் சேர்ந்துதான் வளைகின்றன. ஒரே அளவு வளையும்போது கனமான பட்டைக்குத்தான் இழுவை அதிகம். ஆகவே மெல்லிய பட்டைகளுக்கு நடுவே "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று செருகிய தடித்த பட்டைதான் முதலில் ஒடியும். இரும்பு மட்டம் என்று கடைக்காரர் மேல் பழி விழும்.

பட்டைகளை ஏன் தனித்தனியாக அடுக்குகிறார்கள்? சீட்டுக்கட்டை வளைத்துப் பார்த்தால் தெரியும். ஒன்றன் மேல் ஒன்று வழுக்குவதால் சுலபமாக வளையும். சீட்டுகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் வளையவே வளையாது. குவாரித் தூசியும் மழைத்தண்ணீரும் புகுந்து துருவேறிய கமான் இந்தப் பசை போட்ட கட்டின் பாதி வழிக்கு வந்துவிட்டது எனலாம். பெரிய பள்ளத்தில் பட்டைகள் வழுக்கும். சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் உராய்வை மீற முடியாமல் கட்டு அப்படியே இறுகி நிற்கும். அப்போது வண்டி ஸ்பிரிங்கில் ஆடவில்லை, டயரில் ஆடுகிறது. கட்டைப் பிரித்து, துருவைத் தேய்த்தெடுத்து, கிரீஸ் தடவிப் பூட்டுவதே பல வண்டிகளுக்குப் போதுமான வைத்தியம். ஒரு பட்டைக் காசும் மிச்சம்.

லோடு ஏறும்போது மட்டும் விறைப்பு கூட வேண்டும் என்றால் அதற்குத்தான் ஹெல்ப்பர் இருக்கிறது. மெயின் கட்டுக்கு மேலே தனியாக உட்கார்ந்திருக்கும் இந்தச் சின்னக் கட்டின் நுனிகள், காலி வண்டியில் சேஸிஸ் பிராக்கெட்டைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். லோடு ஏறிச் சேஸிஸ் இறங்கிய பிறகே தொட்டுத் தாங்கத் தொடங்கும். இந்த இடைவெளியில்தான் சூட்சுமம். மெயின் கட்டு சோர்ந்துபோன வண்டியில் காலியாக நிற்கும்போதே ஹெல்ப்பர் முட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு இன்னொரு பட்டை சேர்ப்பது வீண். மெயின் கட்டின் வளைவை மீட்க வேண்டும், அல்லது கட்டையே மாற்ற வேண்டும். பட்டை மேல் வெல்டிங் வைப்பது மட்டும் கூடவே கூடாது. சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு அது. வெல்டிங் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், பட்டை அங்கேயே விரிசல் விடும்.

புது வண்டிகள் சிலவற்றில் பரவளையப் பட்டைகள் வருகின்றன. நடுவில் தடித்து, நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும் பட்டைகள். இழுவை நீளம் முழுக்கச் சமமாகப் பரவுவதால், பத்துப் பட்டை செய்யும் வேலையை இரண்டு மூன்று பட்டைகளே செய்துவிடும். நடுவிலும் நுனியிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடுவதால் உராய்வு குறைவு, எடையும் குறைவு. ஆனால் ஆட்டத்தை அடக்கும் உராய்வும் சேர்ந்து போய்விடுகிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்துவிட்டால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். தவிர, பத்தில் ஒன்று ஒடிந்தால் மெதுவாகவாவது ஊர் வந்து சேரலாம், மூன்றில் ஒன்று ஒடிந்தால் நடுவழிதான். குவாரிக்காரர்கள் பழைய கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆட்ட வேகம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் காற்றுப் பைதான் வழி. லோடுக்கு ஏற்பக் காற்றழுத்தம் ஏறி இறங்குவதால் விறைப்பும் கூடவே ஏறி இறங்கும். ஐரோப்பியச் சமூகம் 1992இல் இதைச் சட்டமாகவே எழுதியது. காற்றுப் பையோ, ஆட்டம் நொடிக்கு 2 முறையைத் தாண்டாத அதற்கு இணையானதோ பொருத்தியிருந்தால், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னுக்குப் பதில் 26 டன் அனுமதி. காரணம் டிரைவர் மேல் உள்ள கருணை அன்று, சாலை மேல் உள்ள அக்கறை. அச்சுப் பாரம் இரட்டித்தால் சாலைச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்று அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை காட்டியிருந்தது. துள்ளி விழும் சக்கரம் தன் எடையைவிட அதிகமாகவே சாலையை அடிக்கிறது. நம் ஊரில் சொகுசுப் பேருந்துகளில் இந்தக் காற்றுப் பை உண்டு. கூரான கருங்கல் தெறிக்கும் குவாரிப் பாதையில் ரப்பர் பையை நம்ப யாருக்கும் மனம் வராது.

கமானில் கைவைத்தவர்கள் பலர் மறப்பது பிரேக்கை. பல லாரிகளில் சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். சேஸிஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வால்வு லோடை எடை போடுகிறது. காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கப் பின் பிரேக்குக்குக் குறைந்த காற்றும், லோடு வண்டியில் முழுக் காற்றும் அனுப்புவது அதன் வேலை. விறைப்பைக் கூட்டினால் முழு லோடிலும் சேஸிஸ் முன்போல இறங்காது. வண்டி பாதி காலி என்று வால்வு எண்ணிக்கொள்ளும். முழு லோடோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். பட்டை போட்டுத் தருபவர் கமான் பட்டறைக்காரர், கம்பியைத் திருத்த வேண்டியவர் பிரேக் மெக்கானிக். இருவர் கடையும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் இந்த வேலை நடுவில் விழுந்துவிடுகிறது. நான்கைந்து நடை ஓடியதும், கட்டை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட்டை மறுபடி இறுக்க வண்டி எப்படியும் பட்டறைக்கு வர வேண்டும். வால்வுக் கம்பியைத் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி திருத்தும் வேலை அதுவரை காத்திருக்கக் கூடாது. முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.