ஐயனார் அருவி

மலைவளம் காண விழைவார் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. இராசபாளையத்திற்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே ஐயனார் அருவி வீழ்கின்றது. சென்ற கார்த்திகையில் கான்சாபுரத்து நண்பரொருவர் இல்லத்தில் தங்கிய யாங்கள் நால்வரும், திருவில்லிபுத்தூர் வழியாக அங்குச் சென்று மீண்டோம். அறிந்தவற்றை அன்பர்கட்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மலையின் இப்புறம் தென்மேற்குப் பருவத்தில் மழைமறைவிடமாதலின், வடகிழக்குப் பருவமழையே இவ்வருவிக்கு உயிர். ஐப்பசி கார்த்திகையில் நீர் பெருகும், கோடையிற் சுருங்கும். எனினும் மழை நின்ற மறுநாளே அருவி வறண்டுவிடுவதில்லை. என்னை? காட்டுத் தரையிற் படிந்த சருகும் மரவேர்களும் மழைநீரின் ஓட்டத்தைத் தடுத்து மண்ணுட் புகுத்த, அது சிறுகச் சிறுகக் கசிந்து ஓடையை ஓம்புகின்றது. காடு அழியின் அருவியும் அழியுமென்பது இதனாற் பெறப்படும்.

வழியெங்கும் ஓங்கிய மரங்கள் கிளையொடு கிளை கோத்து நிற்கின்றன. அக்கிளைகளையே பாதையாகக் கொண்டு தாவித் திரிவது சாம்பல்நிற அணில். அதனைக் காத்தற்பொருட்டு 1988-ஆம் ஆண்டில் இம்மலைக்காடு சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையொடு சேர்ந்து புலிகள் காப்பகமுமாயிற்று. ஆதலின் வனத்துறையார் இசையும் நாளில், இசையும் வழியே செல்லுதல் கடன். மலையுச்சியிற் பெய்யும் மழை கீழே நிற்பார்க்குப் புலப்படாமலே வெள்ளமாய் வந்துவிடும். நீர் கலங்கக் கண்டவுடன் கரையேறுதல் வேண்டும்.

அருவியை அடைந்ததும் எம்முள் ஒருவர் சவர்க்காரக் கட்டியை எடுத்தனர். யாங்களும் கை நீட்டினோம். அருகிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, இது ஊர் குடிக்கிற தண்ணி" என்றார். அவர் குரலிற் சினமில்லை. அதனாலேயே யாங்கள் பெரிதும் நாணிக் கட்டியை மூட்டையில் மறைத்தோம். பின்னர் உசாவியறிந்தோம்: இம்மலைநீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திற் சேர்ந்து இராசபாளைய மக்கட்குக் குடிநீராக உதவுகின்றது.

அங்குள்ள கோயிலின் தெய்வத்திற்கு நீர்காத்த ஐயனார் என்பது பெயர். வழிபாட்டால் யாங்கள் வேறாயினும், அப்பெயர் எமக்கும் ஒரு கட்டளையாகவே தோன்றிற்று. மாலையில் இராசபாளையத்துத் தெருவொன்றில், குழாயடியில் குடத்தொடு காத்துநின்ற பெண்களைக் கண்டோம். காலையில் யாங்கள் செய்யவிருந்தது யாதென்பது அப்பொழுதே எமக்கு முற்றும் விளங்கிற்று.