பாட்டியின் பெரணியும் என் 23 செடிகளும்

பால்மரம் வெட்டும்போது உளி கையைக் கிழித்துவிட்டால் என் பாட்டி உடனே மருந்தகத்துக்கு ஓடமாட்டார். தோட்டத்து எல்லையில், குனோங் ஜெராய் அடிவாரத்தில் ஓடும் சிற்றோடைக் கரைக்குத்தான் முதலில் போவார். அங்கே ஆள் உயரத்துக்கும் மேலாக இலை விரித்து நிற்கும் ஒரு பெரணியின் அடித்தண்டில் பொன்னிற உரோமம் அடர்ந்திருக்கும். ஒரு பிடி பிய்த்துக் காயத்தில் வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி நிரைக்குப் போய்விடுவார். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்மணி சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது. அவர்கள் 'பெனாவார் ஜம்பி' என்பார்கள். பாட்டிக்கு அது 'நாய்மயிர்ச் செடி'. (இப்போது யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம். கிளினிக் இருக்கிறது.)

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது அந்தச் செடிதான் நினைவுக்கு வந்தது. அதன் அறிவியல் பெயர் சிபோட்டியம் பரோமெட்ஸ். ஆட்டுக்குட்டி காய்க்கும் செடி ஒன்று கிழக்கே இருப்பதாக ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அந்தக் கதை இந்த உரோமத் தண்டோடு ஒட்டிக்கொண்டதால் வந்த பெயர் அது. சீனர்கள் இதைக் 'கோ ஜி' என்கிறார்கள். 'நாயின் முதுகெலும்பு' என்று பொருள். பாட்டிக்கும் சீன வைத்தியருக்கும் ஒரே பிராணி தோன்றியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான். மருந்துக்காக இதன் தண்டைத் தோண்டி எடுத்து விற்பதால், சைட்டஸ் எனும் அனைத்துலக வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இது இருக்கிறது. நம் நாட்டில் அந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவது 2008-ஆம் ஆண்டின் 686-ஆம் சட்டம்.

நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடைக்கரையில் இறங்கினேன். முதல் நாளே 61 செடிகளை எண்ணிவிட்டேன். பெருமையோடு அதை என் விரிவுரையாளரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதில் முதிர்ந்தவை எத்தனை?"

அங்கேதான் பாடமே தொடங்கியது. ஒரு தாவரம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிடும்போது, இனப்பெருக்கம் செய்யக்கூடிய செடிகளையே கணக்கில் எடுப்பார்கள். பெரணிக்குப் பூவும் காயும் கிடையாது. சிதல்விதை என்று ஆரம்பப் பள்ளியில் படித்திருப்பீர்களே, அது இருக்கிறதா என்று ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்க்க வேண்டும். இந்தச் செடியில் சிற்றிலையின் விளிம்பில், சின்னஞ்சிறு சிப்பி வாய்பிளந்ததுபோல் சிதல்பைகள் வரிசையாக இருக்கும். அப்படிப் பார்த்ததில் 61 என்பது 23 ஆயிற்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. தண்டு மண்ணை ஒட்டிப் படர்வதால், இரண்டாகத் தெரிவது ஒரே செடியாக இருக்கலாம். பிரித்தால் தனியே பிழைக்குமா என்று பார்த்துத்தான் எண்ண வேண்டும். தவிர, சிதல்விதை நேராகப் பெரிய செடியாக முளைப்பதில்லை. முதலில் விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று தோன்றும். ஈரம் இருந்தால்தான் அதில் கருவுறுதல் நடக்கும். ஓடை வற்றினால் பெரிய செடிகள் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கலாம். புதிய தலைமுறை வராது. வெறுமனே தலைகளை எண்ணினால் இது தெரியாது.

அடுத்தது என் பெரிய தவறு. ஐ.யு.சி.என். எனும் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் விதிகளைப் படித்தேன். முதிர்ந்தவை 50-க்கும் குறைவு என்றால் 'மிக அருகிய இனம்', 250-க்கும் குறைவு என்றால் 'அருகிய இனம்', 1,000-க்கும் குறைவு என்றால் 'பாதிப்புக்குரிய இனம்'. என்னிடம் இருந்ததோ 23. உடனே 'மிக அருகிய இனம்' என்று அறிக்கையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

விரிவுரையாளர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அந்த எண்கள் ஓர் இனம் முழுவதற்கும் உரியவை. நான் பார்த்தது ஓர் ஓடைக்கரையை மட்டும். இதே செடி இந்தியாவின் வடகிழக்கிலிருந்து சீனா, இந்தோனேசியா வரை வளர்கிறது. வாழிடப் பரப்பைக்கூட 2 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுவார்கள். என் ஆய்விடம் முழுவதும் ஒரே கட்டத்துக்குள், அதாவது 4 சதுர கிலோமீட்டருக்குள், அடங்கிவிட்டது.

ஓரிடத்தில் இருப்பதே இனம் முழுவதுமாக இருந்தால்தான் கதை வேறு. தென் அட்லாண்டிக்கில் அசென்ஷன் என்றொரு தீவு. அங்கு மட்டுமே வளர்ந்த அனோகிராமா அசென்ஷியோனிஸ் எனும் குட்டிப் பெரணி 2003-இல் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2009-இல் கிரீன் மலையின் செங்குத்துச் சரிவில் அதைக் கண்டுபிடித்தார்கள். இருந்தவை நான்கே செடிகள்! அவற்றின் சிதல்விதைகள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போயின. ஆய்வகத்தில் புதிய செடிகள் வளர்ந்தன. தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய மரப்பெரணியான சயாத்தியா கிரினிட்டாவைச் சிதல்விதையிலிருந்து வளர்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் என் 23-க்கு மதிப்பே இல்லையா? இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விரிவுரையாளர் சிரித்துக்கொண்டே, அடுத்த ஆண்டும் போய் எண்ணச் சொன்னார். குறைகிறதா, கூடுகிறதா என்று சொல்ல முதல் எண் ஒன்று வேண்டுமாம்.

போனேன். செம்பனை மறுநடவுக்காக ஓடைக்கரையை இயந்திரம் வைத்து அகலப்படுத்தியிருந்தார்கள். கரையோரத்துச் செடிகள் மண்ணோடு மண்ணாகிக் கிடந்தன. சிதல்பை உள்ளவை 14 மட்டுமே. ஒன்பது செடிகள் போன இடத்தைப் படத்தில் குறித்து, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

அன்று மாலை சுங்கை பட்டாணியில் மாமா வீட்டில் இருக்கும் பாட்டியிடம் சொன்னேன். அவர் வருந்துவார் என்று நினைத்தேன். அவரோ என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"ஓடைக்கு மேல, யானைப் பாறைக்குப் பின்னால பார்த்தியாம்மா?"

"பாறைக்கு அந்தப் பக்கம் வழியே இல்லையே பாட்டி."

"ஏன் இல்ல? பழைய ஒத்தையடிப் பாதை இருக்குமே. அங்கதான் தடியா இருக்கும். நாங்க அங்கேருந்து எடுக்க மாட்டோம், அட்டை ஜாஸ்தி."

மறுநாள் காலுறைக்குள் கால்சட்டையைச் சொருகிக்கொண்டு போனேன். பாதை புதர் மண்டியிருந்தது. பாறைக்குப் பின்னால் 11 செடிகள். புரட்டிப் பார்த்ததில் ஆறில் சிதல்பைகள் இருந்தன. முதல் ஆண்டும் இவை அங்கேதான் இருந்திருக்க வேண்டும், ஆக என் 23-உம் தவறு. குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதி, தகவல் தந்தவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயரைச் சேர்த்தேன்.