கிராம சபையும் கணக்குப் புத்தகமும்

ஐக்கிய நாணய சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மகாசபை இன்னதென்று அறிவார். ஆண்டுதோறும் கூடி, வரவு செலவு வாசிக்கக் கேட்டு, பாக்கி எவ்வளவு, லாபம் எவ்வளவு, நிர்வாகஸ்தர் செய்தது சரியா தவறா என்று விசாரித்து, புத்தகத்தில் கையொப்பமிட்டு வீடு திரும்புவது அவருடைய உரிமையும் கடமையுமாகும். மகாசபைக்கு வராத அங்கத்தினர் மலிந்த சங்கம் எக்கதியை அடையுமென்பதும் அவர் அறியாததன்று. ஆயினும் அவரே வேறொரு பெரிய சங்கத்திலும் அங்கத்தினராயிருப்பதை அநேகமாய் மறந்துவிடுகிறார். அச்சங்கம் கிராமப் பஞ்சாயத்து ஆகும். அதற்குப் பங்குத் தொகை கிடையாது. வோட்டர் ஜாபிதாவில் பெயர் இருந்தாற் போதும். அதன் மகாசபைக்குத்தான் கிராம சபை என்று பெயர். பஞ்சாயத்து எவ்விதம் நடைபெறுகிறது, அதில் குடியானவருடைய கை எங்கே இருக்கிறது என்பதை இங்கே விளக்குவோம்.

பஞ்சாயத்தின் பூர்வ வரலாறு

ஊரார் கூடி ஊர்க்காரியம் பார்ப்பது தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக்கு அடுத்த உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் விவரமாய்ச் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்விதிகளுள் ஒன்று கவனிக்கத் தக்கது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும், மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள். கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்ற இக்கொள்கை ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டுவிட்டது.

பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் 1884-ஆம் வருஷத்து ஸ்தல போர்டுகள் சட்டமும், 1920-ஆம் வருஷத்துக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் ஏற்பட்டன. சுதந்திரத்திற்குப் பின் 1950, 1958 ஆகிய வருஷங்களில் புதிய சட்டங்கள் வந்தன. 1958-ஆம் வருஷத்துச் சட்டம் பஞ்சாயத்து யூனியன்களை உண்டாக்கிற்று. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. இன்றைய பஞ்சாயத்து இச்சட்டத்தின்படியே நடக்கிறது. கிராமம், யூனியன், ஜில்லா என்று மூன்று படிகள் உண்டு. இவற்றுள் ஜனங்களுக்கு மிக அண்மையிலுள்ளது கிராமப் பஞ்சாயத்தே.

யார் நடத்துகிறார்கள், எதை நடத்துகிறார்கள்

பஞ்சாயத்துத் தலைவரை வோட்டர்கள் நேரடியாய்த் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு வார்டுக்கும் அங்கத்தினரையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அங்கத்தினர்கள் தங்களுக்குள் ஒருவரை உபதலைவராக்குகிறார்கள். காசோலையில் தலைவர், உபதலைவர் இருவருடைய கையொப்பமும் வேண்டும். ஒரு கை மட்டும் பணப்பெட்டியைத் திறவாதிருக்கவே இவ்வேற்பாடு. நாணய சங்கத்திலும் இதற்கொத்த ஏற்பாடு உண்டென்பது வாசகர் அறிந்ததே. கணக்கும் கோப்பும் ஊராட்சிச் செயலர் வசம் இருக்கும்.

குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, கிராமச் சாலை, சுகாதாரம், மயானம் ஆகியவை பஞ்சாயத்தின் கட்டாயக் கடமைகள். வாசகசாலை, மரம் நடுதல், விளையாட்டிடம் முதலியவை வசதிக்குத் தக்கபடி செய்யக்கூடியவை. கட்டாயக் கடமைக்குப் பணம் போதாதிருக்கையில் அலங்கார வளைவுக்குப் பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்பது குடியானவருடைய நியாயமான கேள்வியாகும்.

பணம் வரும் வழியும் போகும் வழியும்

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவை பஞ்சாயத்தின் சொந்த வருமானம். மாநில, மத்திய நிதிக் கமிஷன்களின் சிபாரிசுப்படி வரும் மானியங்கள் மற்றொரு வகை. பஞ்சாயத்துப் பணத்தை மூன்று கணக்குகளாகப் பிரித்து வைப்பது தமிழ் நாட்டில் நெடுநாளைய வழக்கம். முதலாவது பொது நிதிக் கணக்கு. இரண்டாவது மின்சாரத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் செலுத்த வேண்டிய கட்டணத்திற்கென ஒதுக்கியது. மூன்றாவது திட்டங்களுக்கென வரும் பணம்.

இவற்றுள் இரண்டாவது கணக்கைக் கொங்கு நாட்டார் நன்கு கவனிக்க வேண்டும். மழை குறைந்து நிலத்தடி நீர் ஆழமாயுள்ள இப்பிரதேசத்தில், மோட்டார் ஓடினாலன்றி மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. மோட்டார் ஓடினால் மின்கட்டணம் ஏறும். தெருவிளக்கு ஒன்று கூடினால் அதுவும் சேரும். குழாய் வேண்டுமென்று கேட்கிற ஊர், அதற்குரிய மாதாந்தரச் செலவு எவ்வளவென்று கேட்பதில்லை. கவலை இறைத்த காலத்தில் சாலில் ஓட்டை இருந்தால் எருது இழுத்த தண்ணீரெல்லாம் கிணற்றிலேயே திரும்ப விழும். கணக்கில் ஓட்டையுள்ள பஞ்சாயத்தும் அப்படியே. வரியும் மானியமும் எவ்வளவு வந்தாலும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேராது.

ஓடந்துறையின் உதாரணம்

மேட்டுப்பாளையத்துக்கு அருகில், நீலகிரி மலையடிவாரத்தில், காரமடை யூனியனைச் சேர்ந்த ஓடந்துறை என்னும் பஞ்சாயத்து இருக்கிறது. 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் என்பவர் அதன் தலைவராயிருந்தார். குடிநீரும் தெருவிளக்கும் பெருகப் பெருக மின்கட்டணம் பஞ்சாயத்து வருமானத்தைப் பெரிதும் விழுங்குவதை அப்பஞ்சாயத்தார் கண்டனர். 2003-இல், மரக்கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றைக் குடிநீர் இறைப்பதற்காக நிறுவினார்கள். அதன்பின் அதனினும் பெரிய காரியத்தில் இறங்கினார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாய் வரும் காற்று உடுமலைப் பக்கத்தில் பலமாய் வீசுமென்பது எல்லோரும் அறிந்தது. அவ்வட்டாரத்து மைவாடியில் 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைப் பஞ்சாயத்தின் சொந்தச் சொத்தாக நிறுவினார்கள். அதன் விலை சுமார் 1.55 கோடி ரூபாய். அதில் சுமார் 40 லட்சம் பஞ்சாயத்துச் சேமிப்பு, எஞ்சிய 1.15 கோடி பாங்கிக் கடன். ஆண்டொன்றுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. பஞ்சாயத்தின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட்டே. மிகுதி மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அவ்வருமானம் கடன் தவணைக்கு உதவிற்று.

காற்றாலையைக் கண்டு வியப்போர் பலர். நாணய சங்க அங்கத்தினர் வியக்க வேண்டியது வேறொன்று. கடன் கேட்கப் போகுமுன் 40 லட்சம் ரூபாய் கையிலிருந்தது. கடன் வாங்கியது தின்று தீர்ப்பதற்கன்று. வருமானம் தரும் சொத்துக்காக. மின்கட்டணம் எவ்வளவு, காற்றாலை ஈட்டுவது எவ்வளவு, தவணை எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டதனால் தைரியம் பிறந்தது. கணக்குப் புத்தகம் சுத்தமாயில்லாத ஊருக்கு எந்தப் பாங்கியும் கோடி ரூபாய் கொடுக்காது. எல்லா ஊரும் காற்றாலை வைக்க முடியாது. எல்லா ஊரும் தன் கணக்கை அறிய முடியும்.

கிராம சபை கூடும் நாள்

அவ்வறிவுக்குரிய இடம் கிராம சபை. பஞ்சாயத்து எல்லையிலுள்ள வோட்டர் எல்லோரும் அதன் அங்கத்தினர். கிராமத் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் அங்கீகரித்தல், வேலைகளின் நடப்பைப் பரிசீலித்தல், தணிக்கை அறிக்கையை ஆராய்தல் ஆகியவை அதன் அதிகாரங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுவது வழக்கம். 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன.

சபைக்குக் குறைந்தபட்ச வருகை உண்டு. ஜனத்தொகை 500 வரையுள்ள பஞ்சாயத்தில் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். வந்தவர் பத்துப் பேராயிருக்க, கையொப்பத்தை மட்டும் பின்னர் வீடு வீடாய் வாங்கினால், அது சபையன்று, வெறுங் காகிதம். வாசியாத தீர்மானத்தில் கையொப்பமிடுகிறவர், வாசியாத கடன் பத்திரத்தில் கையொப்பமிடுகிறவருக்குச் சமானமானவர்.

சபையென்றால் ஊர் முழுவதுமாகும். ஊர்த் தலைவாசலில் வழக்கமாய் உட்காரும் நாலு பேர் மாத்திரமன்று. ஸ்திரீகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் சட்டம் ஸ்தானங்களை ஒதுக்கியிருக்கிறது. 2016-இல் செய்த திருத்தப்படி ஸ்திரீகளுக்குப் பாதி ஸ்தானம். ஆனால் சட்டம் கொடுத்த நாற்காலியை ஊர் மறுத்த வரலாறும் உண்டு. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டதன் காரணமாக, 1996 முதல் 2006 வரை பஞ்சாயத்து நடைபெறவொட்டாமல் எதிர்ப்பு இருந்தது. 2006-இல்தான் முறையான தேர்தல் நிறைவேறிற்று. பத்து வருஷம் இழந்தது ஒரு சாரார் மட்டுமன்று, அவ்வூர்கள் முழுவதுமே. பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவர் பேசுவதும், ஒதுக்கீட்டுத் தலைவரைத் திண்ணையில் நிறுத்துவதும் இதே குற்றத்தின் சிறு வடிவங்களாகும்.

பதவி காலியான காலம்

1986-க்குப் பின் 1996 வரை ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடக்கவில்லை. 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்தபின் மறு தேர்தல் 2019 டிசம்பரிலேயே நடந்தது. அப்போது கோயம்புத்தூர் உட்பட 27 ஜில்லாக்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிவுற்று, தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். இத்தகைய காலங்களில் வார்டு அங்கத்தினரும் தலைவரும் இல்லாமையால், குழாய் பழுதானால் யாரிடம் சொல்வதென்று ஜனங்கள் திகைப்பது இயல்பே. அதிகாரி எவ்வளவு நல்லவராயினும் பல ஊர்களை ஒருவர் பார்க்க வேண்டும். அவர் ஊராருக்கு வோட்டுக் கடன்பட்டவருமல்லர்.

ஆனால் ஒன்று நினைவிலிருக்க வேண்டும். பதவிகள் காலியாகலாம், சபை காலியாவதில்லை. வோட்டர்கள் இருக்கும்வரை சபையும் இருக்கிறது. தலைவர் இல்லாத காலத்தில்தான் ஊரார் அதிகமாய்ச் சபைக்கு வந்து, அதிகமாய்க் கேட்க வேண்டும்.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

அடுத்த சபைக்குப் போகிறவர் நான்கு கேள்விகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போவாராக. சென்ற ஆறு மாதத்தில் வீட்டு வரி வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு? மின்கட்டணம் எவ்வளவு, அதில் குடிநீர் மோட்டாருக்கு எவ்வளவு? முடிந்த வேலைகள் எவை, அவற்றின் செலவு என்ன? சென்ற சபையின் தீர்மானங்களில் நிறைவேறியவை எவை? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கேட்டு, வாசித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுவாராக. கேட்பதற்கு முன் தம் வீட்டு வரியைச் செலுத்திவிட்டால், கேட்கும் குரலுக்குப் பலம் கூடும்.

சங்கத்தின் பணத்தைத் தம் பணமென்று எண்ணுகிற அங்கத்தினர் உள்ள சங்கம் கெட்டதில்லை. பஞ்சாயத்துக்கும் விதி அதுவே.