பைக் ஏர் பில்டரை வீட்டிலேயே கழுவுறீங்களா? எந்த ரகம்னு பார்த்துட்டு கை வைங்க! தப்பா கழுவினா என்ஜினுக்கே வேட்டு

தாம்பரம்,-

"முன்ன மாதிரி வண்டி இழுக்க மாட்டேங்குது, பெட்ரோலும் அதிகமா குடிக்குது." தாம்பரம் சுற்று வட்டார மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இதற்கு காரணம் பல இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, சைடு கவருக்குள் தூசி அடைத்துக் கிடக்கும் ஏர் பில்டரை.

இதை சுத்தம் செய்ய பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். வீட்டு வாசலிலேயே அரை மணி நேரத்தில் முடித்து விடலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஏர் பில்டரில் 3 ரகம் உண்டு. ஒன்றை கழுவலாம். ஒன்றை தட்டத்தான் வேண்டும். இன்னொன்றை தொடவே கூடாது.

9 ஆயிரம் லிட்டர் காற்று

1 லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று தேவை. அவ்வளவு காற்றும் பில்டர் வழியாகத்தான் போகிறது.

பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதி ஒரு காலத்தில் கல்குவாரிக்கும் கிரஷருக்கும் பேர் போனது. மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் மெட்ரோ ரெயில் 2-ம் கட்ட பணிக்கு சாலையை தோண்டினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கு பின்னால் போனால் சட்டை காலரே கறுத்து விடும். அந்த தூசிதான் பில்டரிலும் படிகிறது.

பில்டரை தாண்டி தூசி உள்ளே போனால், என்ஜின் ஆயிலோடு கலந்து உப்புத்தாள் மாதிரி பிஸ்டன் ரிங்கையும் போரையும் தேய்த்து விடும். அப்புறம் நீல நிற புகை, என்ஜினை இறக்கும் வேலை என்று ஆயிரக்கணக்கில் செலவு. "பில்டரை கழற்றி விட்டா வண்டி பறக்கும்" என்று சில பசங்க பில்டர் இல்லாமலே ஓட்டுவது இதனால்தான் ஆபத்து.

எந்த ரகம்?

* ஸ்பாஞ்ச் பில்டர்: யமஹா ஆர்.எக்ஸ்.100 போன்ற பழைய வண்டிகளில் இருப்பது. கழுவி திரும்ப போடலாம்.

* காய்ந்த காகித பில்டர்: விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டாது. தண்ணீர் ஆகாது.

* எண்ணெய் பூசிய காகித பில்டர்: இதுவும் மடிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிசுபிசுப்பாக இருக்கும். ஆக்டிவா உள்பட பல ஸ்கூட்டர்களில் இந்த ரகம்தான். இதை கழுவவும் கூடாது, காற்றும் அடிக்கக் கூடாது. கம்பெனி புத்தகத்தில் சொன்ன கிலோ மீட்டர் வந்ததும் புதுசு மாற்ற வேண்டியதுதான்.

சந்தேகம் இருந்தால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தை புரட்டுங்கள். புத்தகம் இல்லையா? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டி மாடலை சொல்லி கேளுங்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

என்ஜின் ஆறிய பிறகு சைடு கவரை கழற்றி, பில்டர் மூடியின் ஸ்குரூக்களை எடுங்கள். கழற்றிய ஸ்குரூவை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். பில்டரை வெளியே எடுத்ததும் என்ஜினுக்கு போகும் ஓட்டையை சுத்தமான துணியால் அடைத்து விடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த துணியை எடுக்க மறக்கக் கூடாது.

ஸ்பாஞ்ச் என்றால் வெதுவெதுப்பான சோப்பு தண்ணீரில் அமுக்கி அமுக்கி அழுக்கை எடுங்கள். துணி மாதிரி முறுக்கி பிழிந்தால் கிழிந்து விடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் முழுசா காய விடுங்கள். பிறகு புத்தகத்தில் சொன்ன ஆயிலை தடவி, சொட்டாத அளவுக்கு அமுக்கி எடுத்துவிட்டு மாட்டுங்கள். தூசியை பிடித்து நிறுத்துவதே இந்த ஆயில்தான். பெட்ரோலில் மட்டும் கழுவவே கூடாது. ஒரு பீடி நெருப்பு போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

காய்ந்த காகித பில்டர் என்றால் லேசாக தட்டுங்கள். காற்று அடிப்பதாக இருந்தால் குறைந்த அழுத்தத்தில், தள்ளிப் பிடித்து, உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரை கிட்டே வைத்து முழு வேகத்தில் அடித்தால் காகிதம் பொத்துக்கொள்ளும். அடித்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் பிடித்து பாருங்கள். பொட்டு ஓட்டை தெரிந்தாலும் தூக்கிப் போட்டு விடுங்கள்.

மைலேஜ் கூடுமா?

கார்புரேட்டர் வண்டியில் கூடும். பழைய கார்புரேட்டர் கார்களில் அடைத்த பில்டரை மாற்றினால் 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் கூடலாம் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டிக்கு 6 சதவீதம் என்றால் 3 கி.மீ.

2020 ஏப்ரல் 1-ந்தேதிக்கு பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்ஷன் முறைதான். காற்று குறைந்தால் பெட்ரோலையும் அதுவே குறைத்துக்கொள்ளும். அதனால் மைலேஜ் அதிகம் அடிபடாது. பிக்கப்தான் போகும். ஆக, புது வண்டியில் மைலேஜ் குறைந்தால் டயர் காற்று, செயின், பிரேக்கையும் சேர்த்து பாருங்கள்.

மழை காலத்தில் உஷார்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் தண்ணீரில் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி வண்டி மூழ்கினால் தண்ணீர் வடிந்த உடனே கிக்கர் உதைக்கவோ செல்ப் போடவோ கூடாது. பில்டர் வழியாக தண்ணீர் என்ஜினுக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து விடும். முதலில் பில்டர் பெட்டியை திறந்து பாருங்கள். ஈரம் இருந்தால் வண்டியை தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போவதுதான் நல்லது.

தூசி ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு, புத்தகத்தில் சொன்ன கிலோ மீட்டருக்கு முன்பே பில்டரை பார்த்து விடுவது நல்லது. புது பில்டர் சில நூறு ரூபாய்தான். வேலைக்கு போக வண்டியையே நம்பி இருப்பவர்களுக்கு, என்ஜின் படுத்தால் ரிப்பேர் செலவோடு அன்றைய கூலியும் சேர்ந்து போய்விடும்.