தண்ணீரை விழுங்குவது ஏன் கடினம்?

தலத்தெருப் பக்கத்து வாய்க்கால்களில் மதகைப் பார்த்திருப்பீர்கள். பலகையை இறக்கச் சற்றுத் தாமதித்தாலும் நீர் வேண்டாத வயலுக்குள் புகுந்துவிடும். நமது தொண்டையிலும் இப்படி ஒரு மதகு உண்டு. அங்கே மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அருகருகே தொடங்குகின்றன. நாம் விழுங்கும்போது மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, அதன் மூடி கவிழ்ந்து மூச்சுவழியை அடைக்கிறது. உணவு பின்புறமாக இறங்கிவிடுகிறது. இவ்வளவும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் முடிகின்றன!

இந்த மதகை இயக்குபவை தசைகள். அவை தளர்ந்தால் என்ன ஆகும்?

தசைகளைத் தளரச் செய்யும் அரிய நோய்களுள் ஒன்று பொம்பே நோய். 1932 இல் இதனை விவரித்த டச்சு மருத்துவரின் பெயர் அது. பம்பாய் நகருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் உடல் குளுக்கோசைக் கிளைக்கோஜனாக மாற்றித் தசைகளில் சேமிக்கிறது. செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்னும் நுண்பைகளில் கிளைக்கோஜனைச் சிதைக்க ஒரு நொதி வேண்டும். மரபணுக் குறையால் அந்நொதி இல்லாவிட்டால் கிளைக்கோஜன் தேங்கித் தசையைச் சிதைக்கிறது. கைக்குழந்தையின் நாக்கு பெருத்துவிடும். பால் உறிஞ்சவும் வலுவிராது.

இல்லாத நொதியை இரத்தக்குழாய் வழியே செலுத்தும் சிகிச்சை 2006 இல் வந்தது. முன்பு ஓராண்டு வாழ்வதே அரிதாயிருந்த குழந்தைகள் பலர் இன்று பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டுகிறார்கள். இந்திய அரசின் 2021 ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையிலும் இந்நோய் இடம்பெற்றுள்ளது. ஆயினும் நாக்கு, தொண்டைத் தசைகளின் தளர்ச்சி பலரிடம் எஞ்சி நிற்கிறது. இதனால்தான் மருந்தோடு பேச்சு, விழுங்கல் பயிற்சியும் தேவைப்படுகிறது.

இத்தகைய குழந்தைக்கு எதை விழுங்குவது கடினம்? சோறு என்பீர்கள். பல சமயங்களில் தண்ணீர்தான்! அதன் பாகுநிலை குறைவு. எனவே மதகு மூடுவதற்குள் விரைந்தோடி மூச்சுக்குழலில் புகுந்துவிடும். அடிக்கடி நிமோனியா வரும். சில குழந்தைகளுக்கு இருமல்கூட எழாது. ஆகவே எக்ஸ் கதிர் அசைபடத்தில் விழுங்கலைக் கவனித்துப் பார்க்கிறார்கள்.

நீர்மத்தைக் கெட்டியாக்கினால் வேகம் குறையும். அதற்காக மிகவும் கெட்டியாக்கிவிடலாமா? கூடாது. தளர்ந்த நாக்கால் அதைத் தள்ள முடியாது. தொண்டையில் தங்கிய மிச்சம் பிறகு மூச்சுவழியில் நழுவும். எனவே அளவு வேண்டும்.

அந்த அளவை நீங்களே காணலாம். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சின் முனையை விரலால் மூடி, கஞ்சியை 10 வரை நிரப்புங்கள். 10 விநாடி திறந்துவிட்டு மீண்டும் மூடுங்கள். தண்ணீரானால் 1 மி.லி.க்கும் குறைவே எஞ்சும். இது சுழி நிலை. 1 முதல் 4 வரை எஞ்சினால் முதல் நிலை. 4 முதல் 8 வரை எஞ்சினால் இரண்டாம் நிலை. உலகெங்கும் இந்தச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். (சிரிஞ்சின் 10 மி.லி. அளவுகோல் 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும்.) எந்தக் குழந்தைக்கு எந்த நிலை என்பதைப் பயிற்சியாளரே முடிவு செய்ய வேண்டும்.

இனிப் பேச்சு. மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து 'பாப்பா' என்று சொல்லுங்கள். கண்ணாடி தெளிவாகவே இருக்கும். 'மாமா' என்றால் ஆவி படியும். இரண்டுக்கும் உதடுகள்தாம் மூடித் திறக்கின்றன. ஆனால் வல்லினத்துக்கு மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குவழியை அடைக்க வேண்டும். அது தளர்ந்தால் காற்று கசிந்து 'பாப்பா'வே 'மாமா' போல ஒலிக்கும். வாயில் அழுத்தம் சேராததே காரணம். பயிற்சியாளர்கள் மெதுவாக, வாயை நன்கு திறந்து பேசப் பழக்குகிறார்கள். அளவு மீறிய பயிற்சி தளர்ந்த தசைக்குக் கேடு என்பதால், சிறிது சிறிதாக, இடையே ஓய்வு தந்து செய்கிறார்கள். இத்துறையினரைப் பயிற்றுவிக்க மைசூரில் 1965 இலேயே அகில இந்திய நிறுவனம் தொடங்கப்பட்டது.

உங்கள் வகுப்பில் மூக்கால் பேசும் மாணவன் ஒருவன் இருக்கலாம். அவன் சொல்வது புரியவில்லை என்றால் அறிவு குறைந்தவன் என்று எண்ணிவிடாதீர்கள். கசிவது காற்றுதான். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து கேளுங்கள்.